முடியக்கூடாத வேலை

"சேர், புல்லு முடிஞ்சி" என்றார் காரியாலய உதவியாளர் அஸ்ஃபர்.

மோகனராஜ் பிளேன்டீக் கோப்பையை வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினார். "என்ன முடிஞ்சி?"

"டிஸ்பென்சரிப் புல்லு. முழுசா வெட்டிட்டாங்க."

"முன்பக்கம் மட்டுமா?"

"முன்பக்கம், பின்பக்கம், சைட் எல்லாம். பின்னால ஒரு கெணறு இரிக்கி சேர். இவ்வளவு நாளும் நமக்கே தெரியாது."

மோகனராஜ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தடிக்க இன்னும் கொஞ்சம் இருந்தது. அந்தப் புல்லுக்கு அவர் மூன்று வாரம் ஒதுக்கியிருந்தார்.

கெலிஓயாவிலிருந்து மகாவலிப் பக்கமாக இறங்கும் சின்ன ரோட்டில் அந்தப் பழைய அரசாங்க டிஸ்பென்சரி நின்றுகொண்டிருந்தது. நிற்கிறது என்பதுகூட ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். கூரையில் பாதி ஏற்கெனவே உள்ளே விழுந்திருந்தது. மீதிப் பாதி, தானும் போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அரசாங்கச் சொத்துப் பதிவில் மட்டும் கட்டடம் 'நல்ல நிலையில் உள்ளது'. பாவனையில் இல்லாத அரசாங்கக் கட்டடங்களுக்கெல்லாம் அந்தப் பகுதியில் பொறுப்பான உத்தியோகத்தர் மோகனராஜ். வருடா வருடம் அந்த வசனத்துக்குக் கீழே கையெழுத்து வைத்தவரும் அவரே.

இப்போது புதிதாக ஒரு பொதுப்பணி வேலைவாய்ப்புத் திட்டம் வந்திருந்தது. வேலையில்லாத குடும்பங்களிலிருந்து ஆட்களை எடுத்து, பாழடைந்த அரசாங்கக் கட்டடங்களைத் திருத்தும் வேலையில் போடுவது. வேலை இருக்கும்வரை ஆட்கள் இருப்பார்கள். வேலை முடிந்தால் ஆட்களும் போவார்கள், திட்டமும் போகும் என்று கண்டியிலிருந்து வந்த சுற்றறிக்கை சொன்னது. திட்டத்துக்கு இணைப்பாளராக மோகனராஜைப் போட்டார்கள். அந்தப் பதவியோடு ஜன்னலோரத்தில் ஒரு சுழல் கதிரையும் ஒரு மின்விசிறியும் வந்தன. அதற்கு முன்பு அவர் பழைய கோப்பு அறையில் வௌவால்களோடு வேலை பார்த்தார். திட்டம் முடிந்தால் திரும்பவும் அங்கேதான் போகவேண்டும்.

எனவே திட்டம் முடியக்கூடாது. புல்லுக்கு மூன்று வாரம், வடிகாலுக்கு ஒரு மாதம், சுவர் சுரண்டுவதற்கு ஆண்டிறுதி வரை என்று அவர் ஆறுதலாக யோசித்து வைத்திருந்தார்.

ஆட்களின் பெயர் விவரம் பிறகு வரும் என்று கண்டியில் சொல்லியிருந்தார்கள். கண்டியில் 'பிறகு வரும்' என்று சொன்னால் வராது என்பது அவருக்குத் தெரியும். அதனால், மாதத் தொடக்கத் திங்கட்கிழமையான இன்று காலை அலுவலக வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூட்டமாக நிற்பதைக் கண்டதும் அவர் விவரம் எதையும் எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலும் பெண்கள். முன்னால் நின்றவள் நாற்பது வயது மதிக்கத்தக்க றலியா. குரல் கணீரென்று இருந்தது.

"டிஸ்பென்சரிக்குத்தானே?" என்று கேட்டார் மோகனராஜ்.

"ஓ, சேர். அந்த விஷயமாத்தான் ஒங்களோட கொஞ்சம்..."

"அப்ப இங்க என்ன நிக்கிறீங்க? இந்தாங்க சாவி. மண்வெட்டி, கத்தியெல்லாம் ஸ்டோர்ல அஸ்ஃபர் தருவாரு. காலையில வந்து ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஏழைகளுக்கு வாயடைத்துப்போவது இயல்பு என்று மோகனராஜ் நினைத்தார். அவருக்கே கண் லேசாகக் கலங்கியது.

அந்த ஏழைகள்தான் இப்போது பத்து மணிக்குள் மூன்று வாரத்தை விழுங்கிவிட்டார்கள்.

அவர் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கியபோது வளவு மொட்டையடித்த தலை மாதிரி இருந்தது. பெண்கள் புல்லைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். வயதான ஒருத்தி மட்டும் அசையாமல் நின்று கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மகளோடு இந்தப் பக்கம் வந்து குடியேறிய அழகம்மா அவள். பேச்சுக் குறைவு.

"இது என்னங்க வேகம்?" என்றார் மோகனராஜ் றலியாவிடம்.

"பிந்தினா மழை வந்திரும் சேர்."

"வரட்டுமே. மழை வந்தா லீவுதான்."

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். சேர் பகிடிக்காரர் என்று முடிவு செய்துவிட்டது அவர்கள் முகத்தில் தெரிந்தது. மோகனராஜ் குரலைக் கடுமையாக்கினார்.

"இப்படி மேலால வெட்டினாச் சரிவராது. வேரோட புடுங்கணும். கையால. ஒவ்வொரு வேரா."

அவர்கள் மறுபேச்சில்லாமல் குந்தியிருந்து பிடுங்கத் தொடங்கினார்கள். கொழுந்து பறித்துப் பழகிய கைகள். அவர் ரோட்டுக்கு வந்து சிகரெட் ஒன்று முடிப்பதற்குள் பாதி வளவு முடிந்திருந்தது. பின்னேரம் வேரோடு சேர்ந்து மண்ணும் வர, மண்ணுக்கு அடியிலிருந்து வடிகாலும் வந்தது. மறுநாள் மத்தியானம் வடிகாலில் தண்ணீர் ஓடியது.

ஒரு மாத வேலையும் போயிற்று.

அன்றிரவு சாப்பிடும்போது மனைவி சிந்துஜாவிடம் சொல்லிப் புலம்பினார். "சொல்லச் சொல்லக் கேக்காம வேலை செய்றாங்க. நான் என்னதான் பண்ணுவேன்?"

சிந்துஜா கம்பளையில் பாடசாலை ஆசிரியை. அவருக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். "உங்க டிபார்ட்மென்ட்ல இதுக்கு மருந்து இருக்கணுமே" என்றாள்.

இருந்தது. மறுநாள் காலை மோகனராஜ் அந்த மருந்தை எடுத்தார்.

"அஸ்ஃபர், மண்வெட்டி, கத்தி, வாளி எல்லாத்தையும் திருப்பி எடுத்து ஸ்டோர்ல போட்டுப் பூட்டுங்க. கேட்டா சாமான் பரிசோதனைன்னு சொல்லுங்க."

"எத்தின நாளைக்கி சேர்?"

"பரிசோதனை முடியிற வரைக்கும்."

"யாரு பரிசோதிக்கிற?"

"யாரும் இல்ல. அதனாலதான் முடியாது."

அரசாங்க நிர்வாகத்தில் இதைவிட உறுதியான பூட்டு கிடையாது. அவர் நிம்மதியாகச் சுழல் கதிரையில் சாய்ந்தார். பின்னேரம் போய்ப் பார்த்தபோது வளவில் ஆட்கள் இரண்டு மடங்காகியிருந்தார்கள். சாமான் இல்லை என்றதும் பெண்கள் வீட்டுக்குப் போய்ச் சொந்த மண்வெட்டிகளை எடுத்து வந்திருந்தார்கள். மண்வெட்டிகளோடு புருஷன்மாரும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், இராமகிருஷ்ணன் பாஸ், கைதேர்ந்த மேசன். இடுப்பில் கை வைத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அந்தப் பார்வை மோகனராஜுக்குப் பிடிக்கவில்லை.

"அங்க என்ன பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல சேர். கைமரம் நல்லாத்தான் இருக்கு. ஓடுதான் வேணும்."

"ஓடு கேட்டுக் கண்டிக்கு எழுதியிருக்கேன்" என்றார் மோகனராஜ் அவசரமாக. எழுதவில்லை. எழுதியிருந்தாலும் ஒன்றுதான்.

கூரையைப் பற்றிய பேச்சை எப்படியாவது ஒத்திப்போட வேண்டும். ஆகவே வியாழக்கிழமை முழுவதும் பயிற்சி வகுப்பு என்று அறிவித்தார். தலைப்பு, பணியிடப் பாதுகாப்பு. டிஸ்பென்சரிக்கு எதிரேயிருந்த தேக்கு மர நிழலில் எல்லாப் பெண்களையும் உட்கார வைத்து, கட்டடத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பேசத் தொடங்கினார். பாம்பு கடித்தால் என்ன செய்வது, மின்னல் அடித்தால் எங்கே நிற்பது, மண்வெட்டியை எப்படிப் பிடிக்கக் கூடாது. தன்னால் இவ்வளவு பேச முடியும் என்பது அவருக்கே புதினமாக இருந்தது. பெண்கள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரை அல்ல, அவருக்குப் பின்னால் எதையோ பார்க்கிறார்கள் என்பதை அவர் கூரையிலிருந்து விழுந்தால் ஏற்படும் காயங்களுக்கு வந்தபோதுதான் கவனித்தார்.

திரும்பினார். இராமகிருஷ்ணன் பாஸ் கூரை முகட்டில் குந்தியிருந்தார். கீழே நின்ற ஆண்கள் கைக்குக் கை ஓடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ஓடு எங்கேருந்து வந்திச்சு?"

"எங்கட நானா கம்பளையில ஊடு ஒடைச்ச எடத்தில கேட்டு எடுத்தீக்கார்" என்றாள் றலியா, தன் அண்ணனைக் குறித்து. "லொறியும் அவர்ட தான். நீங்க பேசுங்க சேர், நல்லா இரிக்கி."

அரசாங்க வேலைக்கு வீட்டுச் சாமான் கொண்டுவருபவர்களை மோகனராஜ் தன் சேவைக்காலத்தில் கண்டதில்லை. அரசாங்கச் சாமானை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களைக் கண்டிருக்கிறார். அதற்கு விதி இருக்கிறது, விசாரணை இருக்கிறது. இதற்கு என்ன இருக்கிறது? அவர் மின்னலுக்குத் திரும்பப் போய், பெரிதாக மனமில்லாமல் வகுப்பை முடித்தார்.

கூரை போட்டதும் புதுத் தொல்லை தொடங்கியது. கூரையில்லாத அரசாங்கக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் கிடையாது. கூரை வந்துவிட்டால் பழுத்த பலாப்பழத்தை ஈ தேடி வருகிற மாதிரி திணைக்களங்கள் தேடி வரும். வெள்ளிக்கிழமை காலை, வேறொரு திணைக்களத்து உத்தியோகத்தர் ஒருவர் அளவுநாடாவோடு வந்து வாசற்படியில் நின்றார். திருத்தமாக வெட்டிய மீசை. கட்டடத்தைத் தனக்குக் குவாட்டர்ஸாக எடுக்கப்போவதாகச் சொன்னார்.

"இந்த அறைக்கு ஏசி போடலாம்தானே?" என்றார்.

குவாட்டர்ஸ் ஆகிவிட்டால் திட்டம் அன்றோடு சரி. மோகனராஜ் அவரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"போடலாம் சேர். ஆனா அந்த அப்போதிக்கரி விடமாட்டாரே."

"எந்த அப்போதிக்கரி?"

"அந்தக் காலத்துல இங்க மருந்து குடுத்தவரு. செத்து எவ்வளவோ காலம். ஆனா பொழுது சாஞ்சா போத்தலும் கையுமா வருவாராம். படுத்திருக்கிறவங்கள எழுப்பி, கசப்பு மருந்து மிக்ஸர குடி குடின்னு நிப்பாராம். குடிக்காம விடமாட்டாராம்."

மீசைக்காரர் அளவுநாடாவைச் சுருட்டினார். "குடிச்சா என்னவாகும்?"

"காலையில வயித்தால போகும்னு சொல்றாங்க."

அவர் போய்விட்டார். மோகனராஜ் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று றலியா எல்லாவற்றையும் கேட்டிருந்தது அவருக்குத் தெரியாது. மறுநாள் சனிக்கிழமை. கோயில் பூசாரியைக் கூட்டிக்கொண்டு அழகம்மா வந்தாள். பள்ளிவாசல் ஹஸ்ரத்தைக் கூட்டிக்கொண்டு றலியா வந்தாள். உள் அறையில் கற்பூரமும் வெளி அறையில் ஓதலுமாக ஒருமணி நேரம் நடந்தது. அப்போதிக்கரி எந்த மதம் என்று யாருக்கும் தெரியாததால் இரண்டு பக்கமும் பாதுகாப்பாகச் செய்துவிட்டார்கள். புதினம் பார்க்க ஊரே வந்தது. வந்தவர்கள் பணிஸும் பிளேன்டீயும் சாப்பிட்டுவிட்டுச் சும்மா போக மனமில்லாமல் ஆளுக்கொரு தூரிகையை எடுத்தார்கள். சாயங்காலம் முன்சுவர் தவிர மற்றச் சுவரெல்லாம் வெள்ளை.

ஆண்டிறுதி வரை சுரண்டவேண்டிய சுவர் அது.

அன்று மத்தியானம் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். வேலையின் வேகத்தைக் கண்டு மனம் நொந்து மோகனராஜ் கிணற்றுக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். அழகம்மா வாழையிலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"மெலிஞ்சு போயிட்டீங்க ஐயா" என்றாள். "சாப்பிடுங்க."

வேலைக்குத் திரும்பிப் போனாள். வெளிறிய சேலையை இடுப்பில் வரிந்து கட்டி, சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போன அந்த முதுகை அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். வேலை முடிந்ததும் இந்த மனுஷிக்கு ஒன்றுமே இல்லை. றலியாவுக்கும் இல்லை. தாங்கள் உட்கார்ந்திருக்கும் கொப்பைத் தாங்களே வெட்டுகிறோம் என்று தெரியாமல் சிரித்துச் சிரித்து வெட்டுகிறார்கள். அதுவரை தன் கதிரைக்காகத்தான் பாடுபட்டார். அந்த ரொட்டிக்குப் பிறகு கதிரை அவருக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. இவர்களுடைய வேலையை இவர்களிடமிருந்தே காப்பாற்றியாக வேண்டும்.

சாப்பிட்ட கையைக் கழுவப் போனபோது ஒரு வழி கிடைத்தது. புதிதாகக் கட்டியிருந்த கை கழுவும் தொட்டி அவருடைய முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. குனிந்து கழுவியதில் சட்டை நனைந்தது. அவருக்குப் பேரானந்தம்.

"பாஸ், இது என்ன அளவு? ஒடைங்க. மறுபடி கட்டுங்க. ஆறுதலாக் கட்டுங்க."

இராமகிருஷ்ணன் பாஸ் தலையைச் சொறிந்தார். "அது அப்படித்தான் சேர் இருக்கணும்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சேந்துதான் முடிவெடுத்தோம்" என்றாள் றலியா. குரலில் முதல்முறையாக ஒரு முறைப்பு இருந்தது. "ஒடைக்க ஏலா சேர்."

மோகனராஜின் மனதில் ஒரு வெளிச்சம் அடித்தது. மேலதிகாரியின் கட்டளைக்கு மறுப்பு. அதாவது தொழில் பிணக்கு. தொழில் பிணக்கு என்றால் விசாரணை, பேச்சுவார்த்தை, இழுபறி. மாதக்கணக்கில் ஓடும்.

"கோவமா இருக்கீங்க போல" என்றார் மிகுந்த அன்போடு.

"கோவமில்ல சேர்."

"இல்ல, இருக்கணும். நீங்க வந்த நாளிலிருந்து உங்களக் கஷ்டப்படுத்துறேன். சாமானப் பூட்டி வச்சேன். வெயில்ல வேர் புடுங்கச் சொன்னேன். இவ்வளவுக்கும் நீங்க ஏன் ஒரு ஸ்ட்ரைக் பண்ணக் கூடாது?"

எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"யாருக்கு எதிரா சேர்?" என்றாள் றலியா.

"எனக்கு எதிராத்தான். ரோட்டுல ஒக்காருங்க. கோஷம் போடுங்க. என்ன கோஷம்னு வேணும்னா நானே எழுதித் தரேன்."

பெண்களுக்குள் குசுகுசுவென்று பேச்சு நடந்தது. பிறகு றலியா அவரிடம் வந்து, நோயாளியிடம் பேசுகிற பக்குவத்தில் சொன்னாள்: "சேர், வெயில் கூட. ஊட்டுக்குப் போய்க் கொஞ்சம் சாய்ங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்."

மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதானே அவருடைய கவலை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மோகனராஜ், தன் உத்தியோக வாழ்க்கையில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்யக் கிளம்பினார். அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்துவது. பெரிதாக ஒன்றுமில்லை, கூரையோரத்துப் பீலியை மட்டும் கழற்றிவிட்டால் போதும். மழைத்தண்ணீர் சுவரில் இறங்கும். சுவர் ஊறும். ஊறிய சுவரைத் திருத்த எப்படியும் சில வாரம் பிடிக்கும். ஞாயிறு என்றபடியால் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

பின்பக்கமாக ஏணியைச் சாத்தி ஏறினார். பீலியைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கினார். ஏணிதான் அசைந்தது. அசைந்து, சரிந்து, புதிதாகத் தோண்டிய பூப்பாத்தியில் விழுந்தது. இராமகிருஷ்ணன் பாஸ் அடித்த பீலி அவரைத் தாங்கிக்கொண்டு கம்பீரமாக நின்றது.

எவ்வளவு நேரம் தொங்கினாரோ தெரியாது. கிணற்றடியிலிருந்து அழகம்மா தண்ணீர் வாளியோடு வந்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"பீலி உறுதியா இருக்கான்னு பாக்குறீங்களா ஐயா?"

"ஆமா."

"உறுதியா இருக்குங்களா?"

"உறுதி."

"அப்ப எறங்கிருங்க" என்று ஏணியை எடுத்துச் சாத்தினாள்.

அவர் இறங்குவதற்குள் உள்ளேயிருந்து எல்லாரும் வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். சட்டை கிழிந்து, கையெல்லாம் துருவோடு நின்ற அதிகாரியைப் பார்த்து றலியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"லீவு நாள்லயும் வந்தீக்கார் பாருங்க" என்றாள் மற்றவர்களிடம். "இப்பிடி ஒரு சேர் யாருக்குக் கெடைக்கும்."

யாரோ அவர் கையில் மஞ்சள் பெயின்ட் வாளியைக் கொடுத்தார்கள். பொழுது சாயும்வரை முன்சுவர் முழுவதையும் மோகனராஜே பூசி முடித்தார். இழுத்தடிப்பதற்கு அவர் மனதில் மிஞ்சியிருந்த கடைசிச் சுவர் அது.

திங்கட்கிழமை காலை அஸ்ஃபர் ஓடி வந்தார். "சேர், கண்டியிலயிருந்து நிலூஷா மேடம் வாராங்களாம். யாரோ முறைப்பாடு குடுத்தீக்காங்க. அனுமதி இல்லாம அரசாங்கக் கட்டடத்தத் திருத்துறாங்கன்னு."

மீசைக்காரர்தான். மிக்ஸருக்குப் பயந்து ஓடியவர், பயம் தெளிந்ததும் எழுதிப் போட்டுவிட்டார்.

நிலூஷா மேடம் திட்டத்தின் பணிப்பாளர். கண்டியில் அவர் அறைக்குள் போய்வந்தவர்கள் கொஞ்ச நாளைக்கு மெதுவாகத்தான் பேசுவார்கள். வாகனத்திலிருந்து இறங்கி, டிஸ்பென்சரி வாசலில் நின்று மஞ்சள் சுவரைப் பார்த்தார். சிவப்பு ஓட்டைப் பார்த்தார். உள்ளே போய் ஜன்னல்களைத் திறந்து மூடிப் பார்த்தார். வடிகாலை எட்டிப் பார்த்தார். பெண்களும் ஆண்களும் சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். யார் முகத்திலும் சிரிப்பில்லை. றலியாவின் கை துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது.

இனிச் செய்ய வேலையில்லை என்பது குருடனுக்கும் தெரியும். மோகனராஜ் முன்னால் வந்தார். இரவெல்லாம் தூங்காத முகம்.

"மேடம், ஒரு வார்த்தை. இங்க வேலை முடிஞ்ச மாதிரித்தான் தெரியும். ஆனா முடியல. மதில் கட்டணும். கெணத்துக்கு மூடி போடணும். அந்தப் பக்கம் மரம் நடணும், நட்டா அது வளரணும்."

"மோகனராஜ்..."

"கொஞ்சம் பொறுங்க மேடம். இவங்களப் போல வேலைக்காரங்கள நான் பாத்ததில்ல. நான் தடுத்தேன். உண்மையச் சொல்றேன், என்னால முடிஞ்ச மட்டும் தடுத்தேன். சாமானப் பூட்டினேன். பேயக் கூட்டி வந்தேன். இவங்க நிக்கல. நல்லா வேலை செஞ்சதுக்குத் தண்டனையா இவங்கள வீட்டுக்கு அனுப்பாதீங்க. திட்டத்த மூடுறதுன்னா என்னைய மூடுங்க. என் கதிரைய எடுத்துக்குங்க, மின்விசிறிய எடுத்துக்குங்க. நான் வௌவாலோடயே போயிடறேன். இவங்களுக்கு மட்டும் வேற எங்கயாவது ஒரு கட்டடத்துல வேலை குடுங்க."

சொல்லி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. சுழல் கதிரையை இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க முடியும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் வாய் பிளந்து அவரையே பார்த்தார்கள்.

நிலூஷா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்தத் திட்டத்தைப் பத்திச் சொல்றீங்க?"

"நம்ம வேலைவாய்ப்புத் திட்டம்தான் மேடம். போன திங்கக்கிழம நீங்க அனுப்பின ஆளுங்கதானே இவங்க."

"நான் யாரையும் அனுப்பல. அதுக்கு இன்னும் ஆளே எடுக்கல மோகனராஜ். நேர்முகப் பரீட்சையே அடுத்த மாசம்தான். தாமதம்னு உங்களுக்கு எழுதியிருந்தோமே, கிடைக்கலையா?"

மகாவலி ஓடுவது கேட்டது. மோகனராஜ் மெதுவாகச் சுவரோரம் திரும்பினார். றலியாவைப் பார்த்தார். றலியா தரையைப் பார்த்தாள். இராமகிருஷ்ணன் பாஸ் கூரையைப் பார்த்தார்.

"அப்ப நீங்கல்லாம் யாரு?" என்று கேட்டார்.

வரிசையின் கடைசியில் நின்ற அழகம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்:

"எங்க நர்சரிப் புள்ளைங்களுக்கு இந்த எடத்தத் தருவீங்களான்னு கேக்க வந்தவங்க ஐயா. நாங்க கேக்குறதுக்கு முந்தியே நீங்கதான் சாவியக் குடுத்துட்டீங்களே."